ஆமென் இல்லாத ஏழு அட்டைகள்

டயகமவுக்கு மேலே, தேயிலை மலையின் மூன்றாவது வளைவில் ஒரு கற்கோயில் இருக்கிறது. அதன் முதுகோடு ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அந்த அறையில் மார்கிரட் முப்பது வருஷமாக இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கோயில்பிள்ளை வேலை பார்க்கிறார். மணி அடிப்பது, சபையார் உட்காருகிற வாங்குகளைத் துடைப்பது, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவது, சபையில் யாராவது செத்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைப்பது, எல்லாம் அவர்தான்.

உள்ளபடி பார்த்தால் அந்த வேலை அவருடைய புருஷன் றோலண்டுடையது. ஐந்து வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு சபைக் கமிட்டி கூடி, ‘வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்வரைக்கும் அந்த அம்மா அறையில் இருக்கலாம்’ என்று தீர்மானம் எழுதியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டால் அறை இல்லை. அறையை விட்டால் போக இடம் இல்லை. மார்கிரட் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி அல்ல. தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் ஒரு காம்பரா கேட்க அவருக்கு வாய் கிடையாது. மகள் ஷாமிலா கொழும்பில் துணிக்கடையில் வேலை. ஆறு பெண்கள் படுக்கிற போடிங் அறையில் ஒரு கட்டில் அவளுடையது. தாயை எங்கே படுக்க வைப்பாள்?

ஞாயிறு ஆராதனை, புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், சனி கழுவித் துடைத்தல். இடையில் இருக்கிற நாட்களில் காலையும் மாலையும் மணி. வட்டகொடையில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் பாயாசம் வருவதற்கு முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார். மாலை மணி அடிக்க வேண்டுமே. அடிக்காவிட்டால் யார் செத்துவிடப் போகிறார்கள் என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். மார்கிரட்டுக்கு மணியைப் பற்றிய பயம் இல்லை, டீமேக்கர் ஐயாவைப் பற்றிய பயம்.

டீமேக்கர் ஐயா என்பவர் கிளைவ். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சபைச் செயலாளர். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் கிளைவின் ராஜ்ஜியம். கெட்ட மனிதர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கெட்டவராக இருந்திருந்தால் மார்கிரட்டுக்கு மனசுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம். அவர் நல்லவர். மாதம் ஒருதரம் அறை வாசலில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்து, “இந்த ரூம ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துக்கு எடுத்தா நல்லா இருக்கும். என்னா செய்யிறது, நீங்க இருக்கீங்களே” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அன்றைக்கு மார்கிரட் வாங்குகளை இரண்டுதரம் துடைப்பார்.

இனி ஞானையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதகர் மனுவேல் ஞானையா இந்தக் கோயிலில்தான் நாற்பத்திரண்டு வருஷம் இருந்து, இங்கேயே மண்ணுக்குப் போனார். சுவரில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். அவர் எழுதிய ‘காலைப் பெரட்டு’ புத்தகம் இல்லாத கிறிஸ்தவ வீடு ராகலையிலிருந்து ஹட்டன்வரைக்கும் கிடையாது. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அப்படி ஆண்டவர் தினமும் காலையில் நம் பெயரைக் கூப்பிடுகிறார் என்று, நாளுக்கு ஒரு பக்கமாக முந்நூற்றறுபத்தைந்து பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சின்ன ஜெபம், ஆமென். கல்யாணமானாலும் சரி, அடக்கமானாலும் சரி, அதிலிருந்து ஒரு பக்கம் படிக்காமல் எதுவும் ஆரம்பிக்காது. அம்மன் படம் மாட்டிய வீடுகளில்கூட அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட ஞானையா கவிதையும் எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. மார்கிரட்டுக்கே மூன்று வருஷத்துக்கு முன்தான் தெரிந்தது. கோயில் ஹார்மோனியத்துக்கு ஒரு கால் குட்டை. ஆட்டம் நிற்க அதன் கீழே ஏதோ காகிதக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்தக் காலத்து முட்டோ, யாருக்கும் நினைவில்லை. ஒரு சனிக்கிழமை ஹார்மோனியத்தை நகர்த்தித் துடைக்கும்போது கட்டு பிய்ந்தது. உள்ளே ஐந்தாறு சிறு புத்தகங்கள். மேலும் கீழும் இருந்தவை செல்லரித்துப் போயிருந்தன. நடுவில் இருந்த ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. ‘உள்தாழ்ப்பாள்’ என்று பெயர். நாற்பது பக்கம். மனுவேல் ஞானையா, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்று. அத்தனை வருஷமும் சபையார் பாடிய பாட்டையெல்லாம் அந்தப் புத்தகம் காலடியில் கிடந்து தாங்கியிருக்கிறது.

மார்கிரட் துடைப்பதை விட்டுவிட்டு வாங்கில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார்.

மழை விடவில்லை.
விடும் என்று யாரும் சொல்லவும் இல்லை.
அவள் துணியை அலசினாள்.

அவ்வளவுதான். மார்கிரட் மறுபக்கம் புரட்டி ஜெபத்தைத் தேடினார். ஜெபம் இல்லை. ஆமென் இல்லை. அடியில் மாதமும் வருஷமும் மட்டும் இருந்தன. அடுத்தது:

பிரசங்கம் முடிந்தது.
அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.
நான் உள்ளே நின்று பூட்டினேன்.

இதை மார்கிரட் இரண்டுதரம் படித்தார். அந்தப் பூட்டை அவருக்குத் தெரியும். தினமும் அவர்தான் பூட்டுகிறார்.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மத்தியான நேரம் காலைப் பெரட்டையும் உள்தாழ்ப்பாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். காலைப் பெரட்டில் ஆடி மாதத்துப் பக்கத்தில், மழை ஆசீர்வாதம், துளிக்குத் துளி நன்றி சொல்லுங்கள் என்றிருக்கும். அதே ஆடியில் எழுதிய கவிதையில் ஒரு பெண் துணி அலசுகிறாள், வேறொன்றும் இல்லை. ஆறுதல் தேவைப்பட்டவர்களுக்கு ஆறுதலைக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இந்த மனிதர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மார்கிரட்டுக்குத் தோன்றியது. நாற்பத்திரண்டு வருஷம் இதே மூடுபனியில். இரண்டுதரம் இடமாற்றம் கேட்டாராம், கிடைக்கவில்லையாம், முன்னுரையில் ஒரே வரியில் சொல்லியிருந்தார். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. ‘போல’ என்ற சொல்லை அந்த மனிதர் நாற்பது பக்கத்திலும் தொடவில்லை. எந்தக் கவிதையும் கண்ணீர் வரும் இடம்வரைக்கும் போகாது. அதற்கு ஓரடி முன்பே நின்றுவிடும். மீதி ஓரடியை நாம் போக வேண்டும். மார்கிரட் எத்தனையோ மத்தியானம் அந்த ஓரடியைப் போயிருக்கிறார்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம் சொல்வது? மலையே கொண்டாடுகிற ஞானையா, ‘கர்த்தாவே, நாளைக்கு உமது பெரட்டில் என் பெயரை மட்டும் தாண்டிவிடும், கோபமில்லை, களைப்பு’ என்று எழுதியிருக்கிறார் என்று கோயில்பிள்ளை போய்ச் சொன்னால், புத்தகம் அடுப்புக்குப் போகும். கூடவே அறைப் பேச்சும் வரும். அதனால் புத்தகத்தைத் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இனித்தான் வினை வந்தது. ஜனவரி வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை எடுப்பது சபையில் வழக்கம். ஒரு கூடையில் வேத வசனம் எழுதிய சின்ன அட்டைகளைப் போட்டு வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒன்றாகக் கண்ணை மூடி எடுக்க வேண்டும். வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி, வருஷம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் அச்சடித்த அட்டை எத்தனையோ கிடைத்தாலும் இந்தச் சபையில் கோயில்பிள்ளை கையால் எழுதுவதுதான் முறை. றோலண்ட் எழுதினார், அவருக்குப் பிறகு மார்கிரட். முத்து முத்தான எழுத்து.

அந்த மார்கழியில் போதகர் கொடுத்த பட்டியலைப் பார்த்து வசனங்களை எழுதி முடித்தபோது ஏழு வெற்று அட்டைகள் மிஞ்சின. உள்தாழ்ப்பாள் புத்தகமோ தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருந்தது. மிகவும் பிடித்த ஏழு கவிதைகளை அந்த ஏழு அட்டையில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எழுதினார். மை காய எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினார். காய்ந்ததும் எல்லாவற்றையும் வாரி ஒரே பிஸ்கட் டின்னில் போட்டார், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று. வருஷப் பிறப்பன்று காலையில் பூ கட்டுகிறவர்கள், பலகாரத் தட்டோடு வருகிறவர்கள், மணி, பனி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. “அக்கா, கூடை எங்க?” என்று யாரோ கேட்டார்கள். மார்கிரட் டின்னைத் திறந்து தன் கையாலேயே கூடைக்குள் கவிழ்த்தார்.

நினைவு வந்தது கூடை காலியான பிறகு. ஏழு வீடுகள் ஞானையாவின் கவிதையை ஆண்டவர் வாக்கு என்று எடுத்துக்கொண்டு மலை இறங்கிப் போயிருந்தன.

அடுத்த வாரங்களில் மார்கிரட் புதன் ஜெபத்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் முதலில் சுவரைத்தான் பார்த்தார். இரண்டாம் வாரம் மீனம்மாவின் காம்பராவில் கண்டார். கொழுந்து எடுக்கிற மீனம்மா, கலண்டருக்குப் பக்கத்தில் அட்டையைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தார். மழை விடவில்லை.

“அக்கா, அதிகாரம் போட மறந்துட்டீங்க போல. இது எந்தப் புஸ்தகத்துல வருதுங்க?” என்று மீனம்மா கேட்டார்.

“ஏன் கேக்குற?” என்று மார்கிரட் திருப்பிக் கேட்டார்.

“சும்மாதாங்க. மத்த வருசமெல்லாம் தாறேன் தாறேன்னுதான் வரும். இந்த வருசம் ஒண்ணுமே தாறேன்னு சொல்லல. அதனாலேயே நம்பலாம் போல இருக்கு. மழையில மலைக்குப் போவும்போது சொல்லிக்குவேன்.”

மார்கிரட்டுக்குச் சந்தோஷத்தில் அழலாம் போல இருந்தது, பயத்தில் ஓடலாம் போலவும் இருந்தது. மூன்று வருஷமாக அவர் ஒருவர் மட்டும் பார்த்த ஒன்றை மீனம்மா இரண்டே வாரத்தில் பார்த்துவிட்டார். ஆனாலும் பொய்யின் மேல் நின்றுகொண்டு சந்தோஷப்பட முடியவில்லை. ஜெபத்தில் எல்லோரும் ஆமென் சொன்னபோது அவர் வாய் மட்டும் அசைந்தது.

மீனம்மா வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நிரோஜினியின் கைக்குப் போன அட்டைதான் ஊரைக் கூட்டியது. நிரோஜினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இருபத்தொன்பது வயது, நிலக்ஷி என்று ஐந்து வயதில் ஒரு மகள். புருஷன் கிஷாந்த் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷம். போன தீபாவளியோடு அவனுடைய போனும் செத்துவிட்டது. மாமியார் ராசம்மா வேறு சாமி கும்பிடுகிறவர் என்றாலும் மருமகள் கோயிலுக்குப் போவதைத் தடுத்ததில்லை. வேறு எல்லாவற்றையும் தடுத்தார். “எம் மவன் வருவான். வர்ற வரைக்கும் மருமக இந்த வீட்டுலதான் இருக்கணும்” என்பது அவருடைய சட்டம். லயமே அதற்குத் தலையாட்டியது. ராகலையில் ஒரு முன்பள்ளியில் நிரோஜினிக்கு வேலை இருந்தது, இருக்க ஓர் அறையும் சேர்த்து. கூட்டாளி ஒருத்தி எட்டு மாதமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிரோஜினியால் வாயைத் திறக்க முடியவில்லை.

அவள் எடுத்த அட்டையில் இருந்தது இது:

கதவு பூட்டியிருக்கிறது என்றார்கள்.
நாற்பது வருஷம் நம்பினேன்.
ஒருநாள்கூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

அட்டையை அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டு, மாசி பிறந்ததும் ராகலைக்குப் போகப்போவதாக மாமியாரிடம் சொன்னாள். ராசம்மா மூன்று வாரம் திகைத்துப்போய் இருந்தார். யேசு சாமியானாலும் சாமி சாமிதானே, எதிர்த்துப் பேசலாமா? பிறகுதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு நேரே டீமேக்கர் ஐயா வீட்டுக்குப் போய், “இது உங்க சாமி சொன்னதுதானுங்களா, பாத்துச் சொல்லுங்க” என்று நீட்டினார்.

கிளைவ், வேதத்தில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினார். கதவு இருந்தது, பூட்டு இருந்தது, நாற்பது வருஷமும் வேண்டிய மட்டும் இருந்தது. மூன்றும் சேர்ந்து எங்கேயும் இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் மார்கிரட்டின் அறை வாசலுக்கு வந்தார்.

“தங்கச்சி, இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“எந்த அதிகாரம்?”

மார்கிரட் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளைவ் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்கருந்து எழுதுனீங்கன்னு நான் கேக்கல. கேட்டா கமிட்டிக்குக் கொண்டுபோவணும். கமிட்டிக்குப் போனா ரூம் கதையும் வரும். எதுக்கு அதெல்லாம்? ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னுக்கு நின்னு, கைத்தவறுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நிரோஜினி வேற அட்ட ஒண்ணு எடுக்கட்டும். அந்தப் புள்ளையும் புருசன் வர்ற வரைக்கும் ஒழுங்கா வீட்டுல இருக்கும். எல்லாருக்கும் நல்லது.”

அவர் போன பிறகு மார்கிரட் கட்டிலில் உட்கார்ந்தார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவருக்கு எத்தனை பக்கம் என்று எண்ண முடியவில்லை. கைத்தவறு என்று சொன்னால் அறை மிஞ்சும், நிரோஜினி மாட்டிக்கொள்வாள், ஞானையாவின் மூன்று வரி எழுத்துப்பிழையாகிவிடும். உண்மையைச் சொன்னால் ஞானையா மிஞ்சுவார், அறை போகும். சும்மா இருந்தால் ஒரு பெண் ஆண்டவர் சொல்லாததை ஆண்டவர் சொன்னார் என்று நம்பிப் பிள்ளையோடு ஊரை விட்டுப் போவாள். நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது? அறை எட்டடிக்கு ஒன்பதடி. சின்ன ஜன்னல், அதில் கம்பி. முப்பது வருஷத்தில் முதல்தரம் அந்த அறையில் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை காலை, கழுவுகிற வேலையைப் போட்டுவிட்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தார். நிரோஜினி குழந்தைகள் தூங்குகிற ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். மார்கிரட் சுற்றி வளைக்கவில்லை.

“நிரோஜினி, அந்த அட்ட வேத வசனம் இல்ல. நம்ம ஞானையா எழுதுன கவித. என் தப்புல கூடைக்குள்ள போயிருச்சி. ஆண்டவர் சொன்னாருன்னு நீ போயிராத.”

நிரோஜினி ஏணையை நிறுத்தினாள். “ஞானையாவா?” என்றாள். “காலைப் பெரட்டு ஞானையாவா?”

“அவரேதான். அவருக்கும் இங்கருந்து போவ ஏலாமப் போச்சி.”

“அப்ப அவரு தள்ளிப் பாக்கவே இல்லயா?”

“இல்ல.”

நிரோஜினி ஏணையை மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். “ஆண்டவர் சொன்னதுன்னா அக்கா, அவரே தொறந்து விடுவாருன்னு குந்திக்கிட்டு இருந்திருப்பேன். ஒரு மாசமா அப்பிடித்தானே இருந்தேன். ஒரு மனுசன் எழுதுனதுன்னா, அதுவும் போவாம நின்னுட்ட மனுசன் எழுதுனதுன்னா, நாந்தான் தள்ளணும். செவ்வாக்கெழம போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளைவ் எழுந்து, கோயில்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அறிவித்தார். முன்வாங்கில் ராசம்மா, வாழ்நாளில் முதல்தரமாகக் கோயிலுக்குள் வந்து, முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். மார்கிரட் முன்னால் போய் நின்றார். கைத்தவறு என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

“கூடைக்குள்ள போட்டது என் தப்புங்க. எழுதுனது தப்பு இல்ல. அது போதகர் ஞானையா எழுதுன கவித. ஏழு வீட்டுக்குப் போயிருக்கு. வேதம் இல்லன்னு தெரிஞ்சுக்கங்க. ஆனா அது நல்ல கவிதைங்க” என்றார். கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கையில் வைத்திருந்த உதிரும் புத்தகத்தைக் கிளைவிடம் நீட்டினார்.

கிளைவ் கண்ணாடியைப் போட்டார். புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். மழைக் கவிதையைச் சத்தமாகப் படித்தார். மீனம்மா மட்டும் கடைசி வரியைக் கூடவே சொன்னார், பாடமாக. கிளைவின் குரல் உடைந்தது. இவருக்கு ஞானையாதான் ஞானஸ்நானம் கொடுத்தவர். “நம்ம ஐயா எழுத்துதான் இது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ராசம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

கமிட்டி அங்கேயே கூடியது. மார்கிரட் வெளியே படியில் உட்கார்ந்து, தன் சாமான்களை எத்தனை சாக்கில் கட்டலாம் என்று மனசுக்குள் எண்ணினார். மூன்று போதும். வட்டகொடையில் தங்கை வீட்டு விறாந்தையில் ஒரு வாரம் இருக்கலாம். அதற்கு மேல்? ராகலைக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட ஒருதரம் நினைத்துப் பார்த்தார். நினைத்தபோது பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. என்னவென்று அப்போது அவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். ஞானையாவின் கவிதைகளைச் சபை அச்சடிக்கப் போகிறதாம். மழைக் கவிதை அடுத்த வருஷக் கலண்டரில் வரப் போகிறதாம். “பிரசங்கம், பெரட்டு, கதவு, அந்த மாதிரி ஒரு பத்துப் பன்னெண்டு நம்ம சபைக்கு ஒத்துவராது, அத விட்டுருவோம். மிச்சத்துக்குக் கடைசியில ஒரு ஆமென் மட்டும் போட்டுக்கிட்டா போதும்” என்றார் கிளைவ். பிறகு எழுந்து நின்று, கையில் இருந்த தாளைப் படித்தார். ஐயாவின் எழுத்தை அழியாமல் காப்பாற்றிய மார்கிரட் றோலண்டுக்கு அவர் உயிரோடு இருக்கும்வரைக்கும் கோயிலறை சொந்தம். ஞாயிறு பள்ளிக்கூடத்துக்கு வேறு இடம் பார்க்கப்படும். எல்லோரும் கை தட்டினார்கள். மார்கிரட் கும்பிட்டார். ஐந்து வருஷமாக எதை நினைத்துப் பயந்தாரோ அது போயே போய்விட்டது. போன இடத்தில் நிம்மதி வந்து உட்காரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நிரோஜினியின் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மார்கிரட் பஸ் நிற்கிற சந்திவரைக்கும் போனார். நிலக்ஷி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். ராசம்மா லயத்து வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அது கேட்கவில்லை.

“நீங்களும் வாங்களேன் அக்கா” என்றாள் நிரோஜினி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. “ரூம்ல ரெண்டு கட்டில் இருக்காம். நான் வேலைக்குப் போனா இவள பாத்துக்க ஆள் வேணும். ரெண்டு மாசம் இருந்து பாருங்க.”

ரூம் போய்விடுமே என்று சொல்ல மார்கிரட் வாயெடுத்தார். ஐந்து வருஷமாக எல்லாக் கேள்விக்கும் அவர் வைத்திருந்த பதில் அது. இப்போது அது பொய். இரண்டு மாதம் போய் வந்தாலும் அறை அவருடையதுதான். மணியை மீனம்மா மகள் அடிப்பாள். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“எனக்குச் சாகும்வரைக்கும் ரூம் குடுத்துட்டாங்கம்மா” என்றார். வியாதியைச் சொல்லுகிற குரலில் சொன்னார்.

நிரோஜினி அவர் முகத்தைப் பார்த்தாள். ராகலைப் பக்கம் போகிற நுவரெலியா பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு மார்கிரட் கையைத் தூக்கினார். பஸ் வளைவில் திரும்பும்வரைக்கும் நின்றார். பிறகு திரும்பி ஏறத் தொடங்கினார். மேட்டில் மூச்சு வாங்கியது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை, கால் தானாகவே கோயிலுக்குப் போனது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அறை வாசலில் டீமேக்கர் ஐயா ஒரு முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். கையில் பிரஷ். கதவில் நீல எழுத்தில் ‘மார்கிரட் றோலண்ட், கோயில்பிள்ளை’ என்று பாதிக்கு மேல் எழுதி முடித்திருந்தார்.

“எப்பிடி இருக்கு, தங்கச்சி? தலவாக்கலையில சொல்லி வச்சி எடுத்தாந்த பெயிண்டு. எத்தன மழ பேஞ்சாலும் போவாது. இனி உங்கள இங்கருந்து யாராலயும் அசைக்க ஏலாது.”

மார்கிரட் தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். றோலண்ட் செத்தபோதுகூட அவர் சத்தம் போட்டு அழவில்லை. இப்போது அழுதார், முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் அடங்காமல்.

கிளைவின் கண்ணும் கலங்கியது. முக்காலியிலிருந்து இறங்கி, பிரஷை ஓரமாக வைத்துவிட்டு, “அழாதீங்க தங்கச்சி” என்றார். “இது உங்களுக்குச் சேர வேண்டியதுதான்.”